பேராக் மனிதனின் இடது கை: லெங்கோங் குகை மண் காத்துவைத்த செய்தி

இடைநிலைப் பள்ளியில் வரலாறு படித்த மலேசிய மாணவர்கள் பலருக்கும் 'பேராக் மனிதன்' என்ற பெயர் தெரிந்திருக்கும். லெங்கோங், குகை, பத்தாயிரம் ஆண்டு, எலும்புக்கூடு. தேர்வுக்கு இவ்வளவு போதும். மதிப்பெண் கிடைத்ததும் பெயர் மறந்துவிடும்.

ஆனால், அந்த எலும்புக்கூட்டின் இடது கையை உற்றுப் பார்த்தவர்கள் அவ்வளவு எளிதில் மறக்க முடியாது. அது வலது கையைவிடச் சிறியது. விரல் எலும்புகள் குட்டையானவை. விபத்தாலோ சண்டையாலோ ஏற்பட்ட ஊனமல்ல அது, பிறவியிலேயே வந்தது. வேட்டையாடியும் காட்டில் கிடைத்ததைத் திரட்டியும் வயிறு வளர்த்த ஒரு காலத்தில், ஒரு கை சரியாக இல்லாமல் பிறந்த அந்த மனிதர் 40 வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். இறந்த பிறகு, அவரோடு இருந்தவர்கள் அவரைத் தூக்கி எறிந்துவிடவில்லை. லெங்கோங் குகைகளில் கிடைத்த புதைகுழிகளிலேயே மிகுந்த கவனத்துடன் அமைக்கப்பட்டவற்றுள் அவருடையதும் ஒன்று.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் யாரும் இல்லை. எழுத்து என்ற ஒன்றே அன்று உலகில் எங்கும் கிடையாது. சொன்னது அந்தக் குகையின் தரை மண். அந்த மண் கலையாமல் இருந்ததால்தான் சொல்ல முடிந்தது.

சரிந்த மலையின் குகை

கோலகங்சாரிலிருந்து கிரிக் நோக்கிப் போகும் சாலையில், உலுப் பேராக் வட்டாரத்தில் இருக்கிறது லெங்கோங். பேராக் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு அது. பசுங்காட்டுக்கு நடுவே அங்கங்கே செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக் கல் குன்றுகளில் ஒன்றுக்கு புக்கிட் கெப்பாலா காஜா, அதாவது யானைத் தலைக் குன்று என்று பெயர். அந்தக் குன்றுக்குள் குகைகள் பல உள்ளன. குவா காஜாங், குவா தெலோக் கெலாவார் ஆகியவற்றோடு குவா குனோங் ருந்தோவும் அங்குதான் இருக்கிறது. 'குனோங் ருந்தோ' என்றால் சரிந்த மலை.

இந்த வட்டாரத்தின் மீது ஆய்வாளர்களின் கண் பட்டது நேற்று இன்றல்ல. பிரிட்டிஷ் காலத்தில் பேராக் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஐவர் எவன்ஸ் 1917-ஆம் ஆண்டிலேயே குவா காஜாங்கில் அகழாய்வு செய்திருக்கிறார். எனினும் பெரிய செய்தி வர இன்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1990, 1991-ஆம் ஆண்டுகளில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யுஎஸ்எம்) தொல்லியல் குழு, பேராசிரியர் சுராய்னா மஜிட் தலைமையில் குவா குனோங் ருந்தோவைத் தோண்டியது. அங்கே, மண்ணுக்கும் நத்தை ஓடுகளுக்கும் இடையே, ஏறக்குறைய முழுமையான ஓர் எலும்புக்கூடு கிடைத்தது.

முழுமை என்ற சொல்லை இங்கே லேசாகக் கடந்துவிடக் கூடாது. வெப்பமண்டல நாடுகளில் அத்தனை பழைய மனித எச்சம் பெரும்பாலும் ஒரு பல்லாகவோ தாடைத் துண்டாகவோதான் கிடைக்கும். ஒரு மனிதரின் தலை முதல் கால் வரை ஒரே இடத்தில், புதைத்தவர்கள் கிடத்திய நிலையிலேயே கிடைப்பது மிக அரிது. அக்காலத்தைச் சேர்ந்த எலும்புக்கூடுகளில், தென்கிழக்காசியாவிலேயே மிக முழுமையானவற்றுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

கிடத்திய விதம்

உடல் ஒரு குழிக்குள் குறுக்கி வைக்கப்பட்டிருந்தது. கால்கள் மடக்கப்பட்டு மார்பை நோக்கி இழுக்கப்பட்டிருந்தன. தாயின் வயிற்றுக்குள் குழந்தை சுருண்டிருக்குமே, கிட்டத்தட்ட அதே நிலை. வலது கை தோளை நோக்கி மடிந்திருந்தது. குறையுள்ள இடது கை வயிற்றின் மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

குழியில் அவர் தனியாக இல்லை. காட்டுப்பன்றி, மான், குரங்கு, உடும்பு போன்ற விலங்குகளின் எலும்புகள் அருகில் இருந்தன. அவை உணவாக வைக்கப்பட்ட இறைச்சித் துண்டுகளின் மிச்சம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கல் கருவிகளும் இருந்தன. உடலைச் சூழ்ந்து ஆற்று நத்தை ஓடுகள் ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தன. ஆற்றுக்குப் போய் நத்தை பொறுக்கி, குன்றின் மேலிருக்கும் குகைக்குச் சுமந்து வந்து சேர்ப்பது ஒருவர் ஒரு பொழுதில் செய்யக்கூடிய வேலையல்ல. பலர் சேர்ந்து உழைத்திருக்க வேண்டும்.

எலும்புகளை ஆராய்ந்தவர்கள் அவரைப் பற்றிச் சொன்னவை இவை: ஆண், வயது 40-லிருந்து 45-க்குள், உயரம் ஏறத்தாழ 157 சென்டிமீட்டர், உடலமைப்பில் ஆஸ்திரேலிய மெலனேசிய வகையை ஒத்தவர். இடது கையில் இருந்த குறைக்கு மருத்துவத்தில் பிராக்கிமெசோஃபலாஞ்சியா ஏ2 என்று பெயர். விரல்களின் நடு எலும்பு வளராமல் குட்டையாகிவிடும் அரிய மரபணுக் குறைபாடு அது. இந்தக் குறைபாட்டுக்கு உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று லெங்கோங்கில் கிடைத்ததுதான் என்று கூறப்படுகிறது.

இனிதான் கேள்வியே எழுகிறது. அவரை ஏன் அப்படிப் புதைத்தார்கள்?

அவர் மதிப்புக்குரிய ஒருவராக, ஒருவேளை தலைவராகவோ மூத்தவராகவோ இருந்திருப்பார் என்பது ஒரு விளக்கம். அகழாய்வுக் குழுவினர் முன்வைத்ததும் இதை ஒட்டியதுதான். வேறுபட்ட உடலோடு பிறந்ததால் அவருக்கு ஏதோ தெய்வ சக்தி இருப்பதாக மற்றவர்கள் நம்பியிருக்கலாம் என்றும் எண்ண இடமுண்டு. பயபக்தி கூடக் காரணமாக இருந்திருக்கலாம். எலும்பு பேசும், ஆனால் மனத்தில் இருந்ததைப் பேசாது.

ஆனால் ஒன்றைத் துணிந்து சொல்லலாம். குறையுடன் பிறந்த குழந்தையை அந்தக் கூட்டம் கைவிடவில்லை. குழந்தையாக இருந்தபோது ஊட்டி வளர்த்தார்கள். வளர்ந்தபின் அவரால் செய்ய முடிந்த வேலையைச் செய்ய விட்டு, மற்றதைப் பகிர்ந்துகொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது வயது என்பது நடக்காத கதை. 'கற்கால மனிதன்' என்றதும் தடியோடு ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும் காட்டுமிராண்டியைக் கேலிச்சித்திரங்கள் நமக்குப் பழக்கிவைத்திருக்கின்றன. லெங்கோங் குழி அந்தப் படத்தை மறுக்கிறது. உடற்குறை உள்ள பிள்ளைகளை வீட்டுக்குள் மறைத்து வைக்கும் பழக்கம் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை என்பதையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

எலும்பு மட்காமல் இருந்தது எப்படி?

மலேசியாவின் மண் பொதுவாக அமிலத்தன்மை கொண்டது. தோட்டத்திலோ கம்பத்திலோ வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். மண்ணின் புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்புத் தூள் போடுவார்கள். அமில மண்ணில், விடாது பெய்யும் மழையில், எலும்பு நீண்ட காலம் தாங்காது. அதிலுள்ள சுண்ணச்சத்து கரைந்து போய்விடும். அதனால்தான் நம் நாட்டின் பழைய குடியிருப்புகளில் கல் கருவிகள் ஏராளமாகக் கிடைத்தும், அவற்றைச் செய்த மனிதர்களின் எலும்புகள் கிடைப்பதில்லை.

சுண்ணாம்புக் குகையில் நிலைமை வேறு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிப் பாறைக்குள் இறங்குகிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் பாறையைக் கரைத்துக் குகையாக்குவது அதுதான். அப்படிக் கரைக்கும்போதே அமிலத்தின் வேகம் தீர்ந்துவிடுகிறது. உள்ளே வந்து சேரும் நீரில் சுண்ணாம்புதான் மிகுந்திருக்கும். மேலே பாறைக் கூரை இருப்பதால் மழை நேரடியாக மண்ணை அரிப்பதும் இல்லை. பத்துமலைக்கோ, ஈப்போ குனோங் சீரோ அடிவாரத்தில் உள்ள கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்துக்கோ போனவர்கள் பார்க்கும் பாறையும் இதே சுண்ணாம்புக் கல்தான்.

குவா குனோங் ருந்தோவில் இதற்கு மேல் இன்னொரு பாதுகாப்பும் சேர்ந்துகொண்டது. நத்தை ஓடும் சுண்ணாம்புதான். ஆயிரக்கணக்கான ஓடுகள் உடலைச் சுற்றி இருந்ததால், சுண்ணாம்பு மெத்தைக்குள் வைத்து மூடியது போலாகிவிட்டது. புதைத்தவர்கள் மரியாதைக்காகவோ மறுமைக்கான உணவாகவோ வைத்த நத்தைகள், அவர்கள் நினைத்தே பார்த்திராத ஒரு காரியத்தைச் செய்து முடித்தன.

அந்த நத்தைகளை அவர்கள் உண்டும் வந்தார்கள். லெங்கோங் குகைத் தரைகளில் கிடைக்கும் ஓடுகள் பலவற்றின் கூர்முனை உடைக்கப்பட்டிருக்கிறது. முனையை உடைத்தால் வாயை வைத்து உறிஞ்சிச் சதையை எடுக்கலாம். இன்றும் மலாய்க் கம்பங்களில் நத்தையின் வாலை நறுக்கி, தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்து, அதே போல உறிஞ்சித்தான் சாப்பிடுகிறார்கள். பத்தாயிரம் ஆண்டுகளில் தேங்காய்ப்பாலும் மசாலாவும் சேர்ந்திருக்கின்றன. உறிஞ்சும் முறை மாறவில்லை.

காலத்தைக் கணித்ததிலும் இந்த ஓடுகளுக்குப் பங்குண்டு. உயிரோடு இருக்கும் எதுவும் கரிமம்-14 என்ற அணுவை உடலில் சேர்த்துக்கொண்டே இருக்கும். இறந்ததும் சேர்ப்பது நின்று, இருந்தது சிதையத் தொடங்கும். 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பத்தாயிரம் ஆண்டு கழிந்தால் மிஞ்சுவது முப்பது விழுக்காட்டுக்கும் குறைவு. மிச்சத்தை அளந்து காலத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு சிக்கல் உண்டு: சுண்ணாம்பு கலந்த நீரில் வளரும் நத்தை, பாறையிலிருந்து வந்த பழைய கரிமத்தையும் உட்கொள்வதால் உள்ளதைவிட வயது கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே பேராக் மனிதன் வாழ்ந்த காலத்தை ஒற்றை ஆண்டாகச் சொல்லாமல், இன்றைக்கு 10,000 முதல் 11,000 ஆண்டுகளுக்கு முன் என்று சொல்வதே முறை. பனியுகம் முடிந்து, இன்றுள்ளதைவிடத் தாழ்ந்திருந்த கடல்மட்டம் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. நெல் விதைப்பதும் பானை வனைவதும் இப்பகுதிக்கு வர இன்னும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருந்தன.

தரைதான் பொக்கிஷம்

குகை என்றதும் அண்ணாந்து கூரையைத்தான் பார்க்கிறோம். தொங்கும் சுண்ணாம்புத் தூண்கள், வெளவால்கள், எங்கிருந்தோ விழும் ஒளிக்கீற்று. தொல்லியலாளர் பார்ப்பது காலுக்குக் கீழே. குகைத் தரை ஆண்டுக்கு ஆண்டு படிந்த அடுக்குகளால் ஆனது. அடுப்புச் சாம்பல் ஓர் அடுக்கு, அதன் கீழே நத்தைக் குப்பை, அதற்கும் கீழே கல் உடைத்த சில்லுகள். கீழே போகப் போகக் காலம் பின்னோக்கிப் போகும். அந்த வரிசை இருக்கும் வரைதான் அதைப் படிக்க முடியும்.

ஒருமுறை மண்வெட்டி புரட்டிவிட்டால் வரிசை போய்விட்டது. உள்ளே இருந்த கல் கருவி அப்போதும் கல் கருவிதான்; ஆனால் எந்தக் காலத்தது, எதோடு சேர்ந்து கிடந்தது, யாருடைய கையருகே இருந்தது என்பதற்கெல்லாம் பதில் இல்லாமல் போகும். பேராக் மனிதனின் எலும்புகளை மட்டும் யாரோ அள்ளிக்கொண்டுபோய் அலமாரியில் வைத்திருந்தால், கை குட்டையான ஒருவர் வாழ்ந்தார் என்பது மட்டுமே மிஞ்சியிருக்கும். அவரைச் சுற்றி நத்தைகளை அடுக்கியவர்கள் மறைந்திருப்பார்கள்.

இது கற்பனை ஆபத்தல்ல. தீபகற்ப மலேசியாவின் சுண்ணாம்புக் குகைகள் பலவற்றில் தரை மண் எப்போதோ வெளியேறிவிட்டது. வெளவால் எச்சம் நல்ல உரம். குகைத் தரையைத் தோண்டி மூட்டை மூட்டையாக வயலுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் கொண்டுபோனார்கள். அந்த எச்சத்தோடு கற்கால அடுக்குகளும் சேர்ந்தே போயின. தோண்டியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பிழைப்புக்கு உரம் தேடினார்கள், அதில் என்ன இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

கல்லுடைப்பு இன்னும் முழுமையான அழிவு. சிமெண்டுக்கும் பளிங்குக்கும் சாலைக் கல்லுக்கும் சுண்ணாம்புக் குன்று வேண்டும். ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் பாதி வெட்டப்பட்டு வெள்ளையாகத் தெரியும் குன்றுகளை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். குகைத் தரையைத் தோண்டினால் அடுக்கு போகும். குன்றையே உடைத்தால் குகையே போகும். அதே கிந்தா பள்ளத்தாக்கில்தான் தம்புன் குகையின் சிவப்பு ஓவியங்களும் இருக்கின்றன. 1959-ஆம் ஆண்டில் கூர்க்கா படையைச் சேர்ந்த ஓர் அதிகாரியின் கண்ணில் அவை படும்வரை, வெளியுலகம் அவற்றை அறியவில்லை. ஆராயப்படாத குன்று ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்பது உடைப்பதற்கு முன் பார்த்தால்தான் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

லெங்கோங் தப்பித்தது. 2012-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த கூட்டத்தில் யுனெஸ்கோ 'லெங்கோங் பள்ளத்தாக்கின் தொல்லியல் பாரம்பரியம்' என்ற பெயரில் இவ்விடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஏறத்தாழ 400 ஹெக்டர் பரப்பு, இரண்டு தொகுதிகள். ஒன்றில் புக்கிட் கெப்பாலா காஜா, புக்கிட் குவா ஹரிமாவ் ஆகிய சுண்ணாம்புக் குன்றுகள் உள்ளன. மற்றொன்றில் திறந்தவெளிக் கற்காலக் களங்களான புக்கிட் புனோ, கோத்தா தம்பான், புக்கிட் ஜாவா ஆகியவை உள்ளன. சுமத்ராவின் தோபா எரிமலை எழுபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வெடித்தபோது வந்து படிந்த சாம்பல், கோத்தா தம்பானில் கல் கருவிப் பட்டறை ஒன்றை மூடிக் காத்திருக்கிறது. புக்கிட் புனோவில் கிடைத்த கருவிகளை 1.83 மில்லியன் ஆண்டுப் பழைமை கொண்டவையாக அதன் ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். அதனோடு ஒப்பிட்டால் பேராக் மனிதன் நேற்றைய ஆள்.

உள்நாட்டில் காவலாக இருப்பது 2005-ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரியச் சட்டம், அதாவது சட்டம் 645. அதன் கீழ் உருவாக்கப்பட்ட பாரம்பரிய ஆணையர் பதவியை முதலில் வகித்தவர் பேராசிரியர் சுராய்னாவேதான். அனுமதியின்றி அகழாய்வு செய்வதும் பாரம்பரிய இடத்தைச் சேதப்படுத்துவதும் இச்சட்டப்படி குற்றம்.

பொதுமக்கள் பலர் அறியாத இன்னொரு பிரிவும் அதில் உண்டு. நிலத்தைத் தோண்டும்போதோ காட்டில் நடக்கும்போதோ பழம்பொருள் போலத் தெரியும் ஒன்று கிடைத்தால், அதைப் பாரம்பரிய ஆணையருக்கோ அந்த மாவட்ட அதிகாரிக்கோ உடனடியாகத் தெரிவிக்க வேண்டும். வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்வதற்கு இடமில்லை. அதைவிட முக்கியமாக, தெரிவிக்கும் வரை எடுக்காமல் கிடந்த இடத்திலேயே விட்டுவைப்பது நல்லது. ஒரு கைப்பேசிப் படமும், இடத்தைக் குறித்துக்கொள்வதும் போதும். குகைக்கோயில்களில் திருப்பணி செய்கிறவர்களும், சுண்ணாம்புக் குன்று அடிவாரத்தில் தோட்டம் போடுகிறவர்களும் இதை நினைவில் வைத்திருப்பது நலம். தரையைச் சமன் செய்து சிமெண்டு போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவதில் காசு செலவில்லை.

பேராக் மனிதனைப் பற்றி அறிய விரும்பும் குடும்பங்கள் முதலில் போக வேண்டிய இடம் லெங்கோங் கோத்தா தம்பானில் உள்ள தொல்லியல் காட்சிக்கூடம். கல் கருவிகளையும் புதைகுழிகளைப் பற்றிய விளக்கங்களையும் அங்கே பார்க்கலாம். குகைகளுக்குள் போக நினைப்பவர்கள் முன்கூட்டியே தேசிய பாரம்பரியத் துறையிடம் கேட்டு, அனுமதியும் வழிகாட்டியும் பெற்றுக்கொண்டு போவதே சரி. கட்டுப்பாடு அதிகம் என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். சுவரில் பெயர் கிறுக்குவதும், நினைவுக்கென்று ஒரு ஓட்டை பையில் போட்டுக்கொள்வதும் எல்லாக் குகைகளிலும் நடந்துகொண்டிருக்கும் போது, அந்த அலுப்புக்குப் பெரிதாக அனுதாபப்பட முடியவில்லை.

அந்தக் குன்றின் தரை சொல்ல வேண்டியதை 1991-இல் சொல்லி முடித்துவிடவில்லை. 2004-ஆம் ஆண்டு, பக்கத்திலுள்ள குவா தெலோக் கெலாவாரில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். 'பேராக் பெண்' என்று அவரை அழைக்கிறார்கள். அவரும் குகைத் தரையில், சுண்ணாம்புக் கூரையின் அடியில், கலைக்கப்படாத மண்ணுக்குள்தான் இருந்தார்.